அடியில் தங்குவது எது? வாசனைக் குடும்பங்களைப் பிரித்தறிய

சென்ட் கவுண்டரில் நடக்கும் வியாபாரம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விற்பனையாளர் ஒரு காகிதப் பட்டையில் பீய்ச்சி நீட்டுவார். வாங்க வந்தவர் முகர்ந்து பார்த்து, "நல்லா இருக்கே" என்பார். பில் போட்டாகிவிடும். மறுநாள் காலையில் அதைச் சட்டையில் அடித்துக்கொண்டு அலுவலகம் போனால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே சட்டையிலிருந்து வேறு ஏதோ வாசனை வருகிறது. கடையில் குளிர்ச்சியாக அடித்த எலுமிச்சை எங்கே போனது, இந்த வனிலா எங்கிருந்து வந்தது என்று குழப்பம். டெஸ்டர் ஒன்று, பெட்டிக்குள் இருப்பது வேறொன்று என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு.

யாரும் எதையும் மாற்றவில்லை. கடையில் முகர்ந்தது அந்த சென்ட்டின் முதல் பத்து நிமிடம். மதியம் வந்தது அதன் மிச்ச ஆறு மணி நேரம். காசு கொடுப்பது முதலாவதைப் பார்த்து, கூட இருக்கப்போவது இரண்டாவதோடு. ஒரு சென்ட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் பெரும்பாலும் அந்த இரண்டாம் பகுதிதான் சொல்லும். சந்தையில் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தாலும் குடும்பங்கள் பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டியாக ஓரிரு பழைய சென்ட்களைத் தெரிந்து வைத்திருந்தால், புதிதாக வரும் எதையும் அதனதன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

மூன்று வேகங்கள்

பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி ஆல்கஹால். அதில் பல பத்து வாசனைப் பொருள்கள், சில சென்ட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை, கரைந்திருக்கும். அவை எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களில் இருக்கும் லிமோனின் போன்ற சிறிய மூலக்கூறுகள் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். இது மேல் வாசம். ரோஜா, மல்லிகை, ஏலக்காய், கிராம்பு போன்றவை சில மணி நேரம் நிற்கும். இது நடு வாசம். சந்தனம், வெட்டிவேர், பச்சௌலி, வனிலின், கஸ்தூரி வகைகள் கனமானவை. தோலில் மாலை வரையும் துணியில் மறுநாள் வரையும் தங்கும். இதுதான் அடி வாசம்.

வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வாசனைப் பொருள்களை ஆவியாகும் வேகத்தை வைத்து 1 முதல் 100 வரை வரிசைப்படுத்தினார். சந்தனமும் பச்சௌலியும் வனிலினும் அந்தப் பட்டியலின் கடைசியில், 100-இல் நிற்கின்றன. விளம்பரங்களில் முக்கோணம் போட்டுக் காட்டும் மூன்று அடுக்குக்கு அடிப்படை இந்த வரிசைதான். நிஜத்தில் அடுக்குகளுக்கு நடுவே சுவர் ஏதும் இல்லை. சந்தனம் முதல் நொடியிலேயே இருக்கும். மேலே கூச்சல் போடும் எலுமிச்சை ஓய்ந்த பிறகுதான் மூக்குக்கு எட்டும்.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: எந்த சென்ட்டையும் மூன்று முறை முகர வேண்டும். அடித்த ஐந்தாவது நிமிடம் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, நான்கு மணி நேரம் கழித்து ஒன்று. மூன்றாவது முறை மூக்கில் பட்டதை ஒரு சொல்லில் எழுதிக்கொண்டால் போதும். குடும்பம் கிட்டத்தட்ட பிடிபட்டுவிடும்.

சிட்ரஸ்: வந்த வேகத்தில் போவது

1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கடை போட்ட ஃபாரினா என்ற இத்தாலியக் குடும்பம் ஒரு வாசனை நீரை விற்கத் தொடங்கியது. அதுவரை ஐரோப்பாவில் கஸ்தூரியும் கனமான பிசின்களும் கோலோச்சிய இடத்தில், பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சு என்று பழத்தோல்களின் வாசம் வந்து உட்கார்ந்தது. ஊரின் பெயரே அந்த வகைக்கு நிலைத்தது. இன்றும் 'கொலோன்' என்றால் இந்தச் சேர்க்கைதான். பெர்கமோட் என்பது இத்தாலியின் தெற்கு முனையான கலாப்ரியாவில் விளையும், தோலுக்காகவே வளர்க்கப்படும் எலுமிச்சை இனம். ஏர்ல் கிரே தேநீர் குடித்தவர்களுக்கு அதன் வாசம் தெரிந்திருக்கும்.

இந்தக் குடும்பத்துக்கு அடி வாசம் மெலிது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் பெரிய விஷயம். அதைக் குறையாகச் சொல்வது சரியல்ல. குளித்துவிட்டு வந்ததும் தாராளமாக அடித்து, மதியம் மறுபடி அடித்துக்கொள்ளும்படிதான் இது தயாராகிறது. நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள், சிட்ரஸுக்கு அடியில் வேறொன்றைப் பொருத்திய சென்ட்களைத் தேடலாம். 1966-இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'ஓ சவாஜ்' அதற்கு முன்னோடி. மல்லிகையை ஆராய்ந்ததில் கிடைத்த ஹெடியோன் என்ற மூலக்கூறை அவர் எலுமிச்சைக்குக் கீழே வைத்தார். பூ என்று தனியாகத் தெரியாமல், எலுமிச்சையைச் சுற்றிக் காற்றோட்டம் இருப்பதுபோல் அது வேலை செய்கிறது.

பூ: பெரிய குடும்பம், பல கிளைகள்

சென்ட் உலகில் ஆள்பலம் அதிகம் உள்ள குடும்பம் இது. உள்ளே நான்கு கிளைகளைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதலாவது, ஒற்றைப் பூ. ரோஜா என்றால் ரோஜா மட்டும். பல்கேரியாவின் கசான்லக், துருக்கியின் இஸ்பார்ட்டா ஆகிய இடங்களில் ரோஜாவைத் தண்ணீரில் காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றரை முதல் நான்கு டன் இதழ் தேவைப்படும். இந்த விலையில் ஓடும் பொருளை ஐந்நூறு ரூபாய் பாட்டிலில் எதிர்பார்க்க முடியாது. அங்கே இருப்பது ஜெரானியால், சிட்ரொனெல்லால் போன்ற, ரோஜாவிலும் உள்ள, தொழிற்சாலையிலும் தயாராகும் பொருள்களின் சேர்க்கை. அதனால் அது மட்டமானது என்று ஆகிவிடாது. ரோஜாவின் நெளிவு சுளிவு குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, வெள்ளைப் பூக்கள். மல்லிகை, சம்பங்கி, ஆரஞ்சுப் பூ முதலானவை. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. மல்லிகை கொதிநீரில் வெந்தால் வாசம் கெட்டுவிடும் என்பதால் அதைக் காய்ச்சி வடிப்பதில்லை. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு போன்ற 'காங்கிரீட்' எடுக்கிறார்கள். அதை ஆல்கஹாலில் கழுவினால் 'அப்சலூட்' கிடைக்கும். கோயம்புத்தூர், சத்தியமங்கலம், மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் விளையும் குண்டுமல்லியும் சாதிமல்லியும் சம்பங்கியும் இப்படிப் பிரித்தெடுக்கப்பட்டு, பிரான்சின் வாசனைத் தொழில் நகரமான கிராஸ் வரை போகின்றன. 1000 கிலோ பூவிலிருந்து கிடைக்கும் அப்சலூட் ஓரிரு கிலோதான்.

வெள்ளைப் பூக்களின் ரகசியம் இந்தோல் என்ற பொருள். தனியாக முகர்ந்தால் அந்துருண்டை போலவும் கழிவு போலவும் மூக்கைச் சுளிக்க வைக்கும். மல்லிகைக்குள் அளவோடு இருக்கும்போதுதான் பூவுக்கு உயிர் வருகிறது. தலையில் வைத்த சரம் மறுநாள் காலை வாடும்போது எழும் கனத்த வாசத்தில் இந்தோல் தூக்கலாக இருக்கும். அந்த வாசம் பிடித்தவர்களுக்கு ஜெர்மேன் செல்லியே என்ற பெண் கலைஞர் 1948-இல் செய்த 'ஃப்ரகா' பிடிக்கும். சம்பங்கியை அதன் கனத்தோடு அப்படியே முன்னால் நிறுத்திய சென்ட் அது. தலைவலி வருகிறது என்பவர்கள் இந்தக் கிளையைத் தொடாமல் நகர்ந்துவிடலாம்.

மூன்றாவது, பூச்செண்டு. எந்தப் பூ என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத கலவை. எர்னஸ்ட் போ 1921-இல் உருவாக்கிய 'ஷனெல் நம்பர் 5' இதன் உச்சம். ரோஜா, மல்லிகை இருந்தும் இரண்டும் தனியாகத் தெரியாதபடி, ஆல்டிஹைடு என்ற பொருள்களை அவர் அதிகமாகச் சேர்த்தார். இஸ்திரி போட்ட துணி, ஊதி அணைத்த மெழுகுவத்தி, சோப்பு நுரை ஆகியவற்றை நினைவுபடுத்தும் வாசம் அது. உலகெங்கும் சோப்பும் பவுடரும் இந்தச் சேர்க்கையை நகலெடுத்துவிட்டதால், இன்று முதல்முறை முகர்பவர்கள் "சோப்பு மாதிரி இருக்கே" என்று சொல்வது வாடிக்கை.

நான்காவது, ஆய்வகத்தில் மட்டுமே கிடைக்கும் பூக்கள். லில்லி ஆஃப் த வேலி என்ற சிறு வெள்ளைப் பூவிலிருந்து தொழில்முறையில் எண்ணெய் எடுக்க வழியில்லை. 1956-இல் வந்த 'டியோரிசிமோ' அந்தப் பூவை அச்சு அசலாகக் காட்டியது முழுக்க முழுக்க ரூட்னிட்ஸ்காவின் கைவண்ணம். பெட்டியில் அச்சிட்ட பூவின் படத்துக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் உறவு இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஃபூஜேர்: சலூன் நாற்காலியின் வாசம்

முகச்சவரம் முடிந்து சலூன்காரர் கன்னத்தில் தடவும் லோஷனை நினைத்துக்கொண்டால் இந்தக் குடும்பம் வந்துவிடும். மேலே லாவெண்டர், அடியில் கூமரினும் பாசியும். 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே செய்த 'ஃபூஜேர் ரோயால்' இதன் மூதாதை. பெரணிச் செடியின் பெயரை வைத்தார்கள். பெரணிக்குச் சொல்லும்படியான வாசமே கிடையாது. காட்டுக்குள் பெரணி படர்ந்த இடம் எப்படி மணக்கக்கூடும் என்ற கற்பனைதான் பாட்டிலுக்குள் போனது.

அந்தக் கற்பனைக்கு வழி செய்தது வேதியியல். டோங்கா விதையிலும் காய்ந்த புல்லிலும் உள்ள கூமரினை வில்லியம் பெர்கின் 1868-இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியிருந்தார். இயற்கையில் கிடைப்பதோடு ஆய்வகப் பொருளையும் சேர்த்துக் கட்டும் இன்றைய சென்ட் தொழிலின் தொடக்கமாக ஃபூஜேர் ரோயாலைத்தான் பலரும் சொல்கிறார்கள். இன்று ஆண்களுக்கென்று விற்கும் டியோடரன்ட், ஆஃப்டர் ஷேவ்களில் பெரும்பங்கு இதன் வாரிசுகள். நான்கு மணி நேரம் கழித்து வைக்கோல், சோப்பு, கொஞ்சம் இனிப்பு என்று எழுதத் தோன்றினால் அது ஃபூஜேர்.

ஷீப்ர்: பாசியும் ஈரமும்

புதியவர்களுக்குப் பிடிபடக் கொஞ்சம் நாளாகும் குடும்பம் இது. பிரான்சுவா கோட்டி 1917-இல் சைப்ரஸ் தீவின் பிரெஞ்சுப் பெயரை வைத்து ஒரு சென்ட் வெளியிட்டார். மேலே பெர்கமோட், அடியில் லாப்டனம் என்ற பிசினும் ஓக் மரத்தில் படரும் பாசியும். புளிப்பில் தொடங்கி ஈரமான மரப்பட்டையில் முடியும் இந்த முரண்தான் குடும்பத்தின் அடையாளம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜாக் கெர்லான் அதற்கு நடுவே பீச் பழ வாசம் கொண்ட ஒரு மூலக்கூறைச் சேர்த்து 'மித்சூகோ'வைச் செய்தார்.

பழைய ஷீப்ர்களை அதே வடிவத்தில் இன்று வாங்க முடியாது. ஓக் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகிய இரண்டும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருகின்றன என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அவற்றைத் தடை செய்தது. இப்போது அந்த இரண்டையும் நீக்கிய பாசியும் பச்சௌலியும் அந்த இடத்தை நிரப்புகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பாட்டிலும் இன்றைய பாட்டிலும் ஒரே பெயரோடு வேறு வாசம் அடிப்பதற்கு இத்தகைய விதிமாற்றங்கள் ஒரு முக்கியக் காரணம்.

ஆம்பர்: கதகதப்பு

வனிலா, லாப்டனம், சாம்பிராணி போன்ற பிசின்கள், கொஞ்சம் மசாலா. வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போட்ட அறைக்குள் நுழைந்த உணர்வு வந்தால் அது பெரும்பாலும் இந்தக் குடும்பம். 1925-இல் வந்த கெர்லானின் 'ஷாலிமார்' இதன் நிரந்தர முகவரி. பெயர் முகலாயத் தோட்டத்திலிருந்து வந்தது. வனிலினைவிட வீரியமான எத்தில் வனிலின் அதில் தாராளம். மேலே பெர்கமோட் இருப்பதால் கடையில் முகரும்போது சிட்ரஸ் என்று ஏமாறவும் வாய்ப்புண்டு.

நீண்ட காலம் இந்தக் குடும்பத்தை 'ஓரியன்டல்' என்றுதான் அழைத்தார்கள். 1984 முதல் சென்ட்களை வகைப்படுத்தித் தொகுப்பு வெளியிட்டுவரும் மைக்கேல் எட்வர்ட்ஸ், அந்தச் சொல் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று 2021-இல் 'ஆம்பர்' என்ற பெயருக்கு மாறினார். பழைய பெட்டிகளிலும் இணையக் கடைகளிலும் இரண்டு பெயர்களும் கலந்து கிடக்கும். பொருள் ஒன்றுதான்.

சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் இதை அடித்துக்கொண்டு நெரிசல் பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம். உடல் சூடு ஏற ஏற இனிப்பு பெருகும். மார்கழிக் குளிர், ஏசி அறை, இரவு விருந்து, ஊட்டி, கொடைக்கானல் பயணம் ஆகியவை இதற்கு ஏற்ற நேரங்கள். ஒரு முறை அடித்தாலே போதும்.

மரம்: இந்திய மூக்குக்குப் பழகியது

சந்தனம், வெட்டிவேர், தேவதாரு, அகில். தமிழ் வாசகருக்கு அறிமுகமே தேவையில்லாத குடும்பம் இது.

சந்தனத்தின் வாசத்துக்குக் காரணம் வைரம் பாய்ந்த கட்டையில் உள்ள சான்டலால். அது சேர மரம் பல ஆண்டுகள் வளர வேண்டும். மைசூரு அரசின் எண்ணெய் ஆலை 1916-இல் தொடங்கியது முதல் 'மைசூர் சந்தனம்' என்பது உலகெங்கும் தரத்தின் பெயராக இருந்தது. வெட்டும் கடத்தலும் பெருகிக் காட்டுச் சந்தனம் அரிதானதால், அதே இந்திய இனத்தை இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனரா பகுதியில் தோட்டமாக வளர்க்கிறார்கள். மலிவான சென்ட்களில் ஜவனால், பாலிசான்டால் போன்ற ஆய்வகப் பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அசல் சந்தனம் மெதுவாக, பால் மணத்தோடு, தோலை ஒட்டியே இருக்கும். எட்ட நின்றே கூர்மையாகத் தாக்குவது பெரும்பாலும் ஆய்வகச் சந்தனம்.

பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேரை உலகச் சந்தைக்குப் பெருமளவு விளைவிப்பது ஹெய்ட்டி. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்து மணற்பாங்கான நிலங்களில் அதைப் பயிரிடுகிறார்கள். 1959-இல் வந்த கெர்லானின் 'வெட்டிவர்' இந்த வேரை நடுநாயகமாக வைத்த சென்ட். மண், புல், லேசான புகை. தமிழ்நாட்டுக் கோடைக்கு இதைவிடத் தோதான அடி வாசம் கிடைப்பது கஷ்டம். கனமானது என்பதால் மாலை வரை நிற்கும். இனிப்பு இல்லை என்பதால் வெயிலில் திகட்டாது.

அகில் என்பது அக்குலேரியா மரத்தில் பூஞ்சை தாக்கும்போது மரம் சுரக்கும் கரிய பிசின் ஏறிய கட்டை. அரபு நாடுகளில் ஊத். அசாமிலும் தென்கிழக்காசியாவிலும் விளைகிறது. அழிந்துவிடக்கூடாது என்பதற்காகச் சர்வதேச வணிகத்தில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2002-இல் ஈவ் சேன் லோரான் நிறுவனம் 'எம்7' வெளியிட்ட பிறகு மேற்கத்திய சென்ட்களிலும் ஊத் மோகம் தொற்றிக்கொண்டது. இரண்டாயிரம் ரூபாய் பாட்டிலில் ஊத் என்று அச்சிட்டிருந்தால், அது ஊத்தின் சாயல் கொண்ட கலவை என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

கடலும் தின்பண்டமும்: தொண்ணூறுகளின் இரட்டையர்

1966-இல் ஃபைசர் நிறுவன ஆய்வாளர்கள் கண்ட கலோன் என்ற மூலக்கூறுக்குக் கடற்காற்று, தர்பூசணி, சிப்பி மூன்றும் கலந்த வாசம். அதற்குச் சென்ட் உலகில் இடம் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1992-இல் ஜாக் கவாலியே செய்த 'லோ திசே' தண்ணீர் வாசத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே டேவிடாஃபின் 'கூல் வாட்டர்' ஃபூஜேர் எலும்புக்கூட்டின் மேல் டைஹைட்ரோமிர்சினால் என்ற குளிர்ந்த பொருளைப் போர்த்தியிருந்தது. 'ஸ்போர்ட்', 'அக்வா', 'மரீன்' என்று பெயரில் ஒட்டு இருந்தால் இந்தக் கிளை. வெயிலுக்கும் அலுவலகத்துக்கும் பத்திரமான தேர்வு. தனித்து நிற்க நினைப்பவர்களுக்கு அவ்வளவாக உதவாது.

அதே 1992-இல் எதிர்த்திசையில் ஒரு வெடி. ஒலிவியே கிரெஸ்ப் தியரி முக்லேருக்காகச் செய்த 'ஏஞ்சல்', சர்க்கரைப் பாகின் வாசம் கொண்ட எத்தில் மால்டாலை அள்ளிப் போட்டு, அதை மண்வாசம் கொண்ட பச்சௌலியால் முறித்தது. சாக்லேட், பஞ்சு மிட்டாய், காபி, பாதாம் என்று உண்ணும் பொருள்களின் வாசத்தில் வரும் 'கூர்மான்' சென்ட்களின் வரிசை அங்கிருந்துதான் கிளம்பியது. இனிப்பை முறிக்கும் கசப்போ மண்ணோ அடியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போகாது.

கஸ்தூரி, புனுகு, அம்பர்கிரிஸ்: எல்லாக் குடும்பத்துக்கும் அடியில்

விலங்கிலிருந்து வந்த வாசங்கள் தனிக் குடும்பம் என்பதைவிட, மற்ற எல்லாவற்றுக்கும் போடும் அஸ்திவாரம் எனலாம். கஸ்தூரி மானின் சுரப்பியும் புனுகுப் பூனையின் சுரப்பியும் நூற்றாண்டுகளாகப் பயன்பட்டன. திருமலையில் பெருமாளுக்குப் புனுகுத் தைலம் சாத்தும் வழக்கம் இன்றும் உண்டு. சென்ட் தொழில் மட்டும் வெகு காலம் முன்பே விலங்கை விட்டு விலகிவிட்டது. 1888-இல் ஆல்பர்ட் பவுர் வெடிமருந்து ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாக ஒரு செயற்கைக் கஸ்தூரியைக் கண்டார். 1926-இல் லெயோபோல்ட் ருசிச்கா அசல் கஸ்தூரி, புனுகு ஆகியவற்றின் மூலக்கூறு வடிவத்தை விளக்கினார்; 1939-இல் வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

இன்று 'ஒயிட் மஸ்க்' என்று எழுதியிருப்பது துவைத்துக் காயவைத்த துணியின் சுத்தமான வாசம். சிலருடைய மூக்குக்குச் சில வகைக் கஸ்தூரிகள் எட்டுவதே இல்லை. அடித்துக்கொண்டவர் "ஒண்ணுமே வரலையே" என்று மேலும் மேலும் அடிக்க, அடுத்த மேசையில் இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸை இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரங்களில் அது பிடிபடும் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சென்ட்களில் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது கிளாரி சேஜ் செடியிலிருந்து தயாராகும் அம்பராக்சான். 2015-இல் வந்த டியோரின் 'சவாஜ்' அதை அள்ளிக் கொட்டிய பிறகு, ஆண்கள் சென்ட் வரிசையில் பாதி அந்த வாசத்தின் சொந்தக்காரர்கள்.

அத்தர் எங்கே பொருந்தும்?

அத்தரைத் தனிக் குடும்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு தயாரிப்பு முறை. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் 'தேக்' என்ற செப்புப் பாத்திரத்தில் பூவையும் தண்ணீரையும் போட்டு மண் பூசி மூடி, விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்ற கலத்துக்குப் போய், அங்கே காத்திருக்கும் சந்தன எண்ணெயில் படிகிறது. ஆல்கஹால் கிடையாது. ரோஜா அத்தர் பூக் குடும்பம், வெட்டிவேர் அத்தர் மரக் குடும்பம். சுட்ட களிமண்ணை வடித்து முதல் மழையின் வாசம் தரும் 'மிட்டி' அத்தர் எந்த ஐரோப்பியப் பட்டியலிலும் சரியாக அடங்காது.

அத்தரில் மேல் வாசம் சட்டென்று வீசாது. தோலோடு ஒட்டி மெதுவாக வெளிவரும். வாங்கும்போது அடியில் என்ன எண்ணெய் என்று கேட்க வேண்டும். சந்தன எண்ணெயின் விலை ஏறியதால், பல கடைகளில் திரவ பாரஃபின் அந்த இடத்தில் இருக்கிறது. ரோல்-ஆன் சிறு குப்பி மிகவும் மலிவாக இருந்தால் விடை அதிலேயே இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்டிருப்பவை

'ஓ த கொலோன்', 'ஓ த துவாலெட்', 'ஓ த பர்ஃபூம்', 'பர்ஃபூம்' ஆகியவை செறிவைச் சொல்கின்றன, வாசனை வகையைச் சொல்வதில்லை. ஏறத்தாழ 2 முதல் 4, 5 முதல் 15, 15 முதல் 20, 20 முதல் 30 சதவீதம் என்று வாசனைப் பொருள் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ஒரே பெயரில் இரண்டு செறிவுகள் இருந்தால், பல நேரம் சேர்க்கையே வேறாக இருக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியாக முகர வேண்டும்.

'ஆண்களுக்கு', 'பெண்களுக்கு' என்ற பிரிவு விற்பனையாளரின் வசதிக்கானது. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் ரோஜா அத்தரை ஆண்கள் காலங்காலமாகப் பூசிக்கொள்கிறார்கள். 1994-இல் 'சிகே ஒன்' இருவருக்கும் பொதுவென்று விளம்பரம் செய்தே விற்றுக் காட்டியது.

உண்மையான துப்பு பெட்டியின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. சிட்ரொனெல்லாலும் ஜெரானியாலும் இருந்தால் ரோஜா இருக்க வாய்ப்பு. கூமரின் இருந்தால் ஃபூஜேரோ ஆம்பரோ. எவர்னியா புருனாஸ்ட்ரி என்றிருந்தால் ஓக் பாசி, அதாவது ஷீப்ர் சாயல். லிமோனினும் லினலூலும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருப்பதால் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தோல் எளிதில் சிவப்பவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் படித்து, முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

முகர்ந்து பார்க்கும் முறை

ஒரு முறை கடைக்குப் போனால் காகிதத்தில் நான்கைந்து, தோலில் இரண்டு; அதற்கு மேல் மூக்கு சொல்வதை நம்ப முடியாது. கவுண்டரில் வைத்திருக்கும் காபிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதுப்பிக்கப்படும் என்பார்கள். அதுவும் ஒரு கனமான வாசம்தான். வெளியே வந்து இரண்டு நிமிடம் சும்மா நிற்பது அதே பலனைத் தரும். பிடித்த இரண்டை மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்து, தேய்க்காமல் காயவிட்டு, எதையும் வாங்காமல் கிளம்பிவிட வேண்டும். மாலையில் எது நிற்கிறதோ அதுதான் வேட்பாளர். 100 மில்லிக்குப் பதில் 10 மில்லி சிறு பாட்டில் கிடைத்தால் ஒரு வாரம் வெவ்வேறு வெயிலிலும் ஏசியிலும் போட்டுப் பார்க்கலாம். வறண்ட தோலில் சென்ட் சீக்கிரம் பறந்துவிடும். வாசமில்லாத க்ரீமைத் தடவிய பின் அடித்தால் கூடுதல் நேரம் நிற்கும். வெள்ளைச் சட்டையிலும் பட்டிலும் நேராக அடித்தால் கறை படியலாம்.

வாங்கி வந்த பிறகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் சென்ட்டைக் கெடுக்கும். குளியலறை அலமாரியும் வெயிலில் நிறுத்திய காரும் கூடவே கூடாது. பெட்டியோடு பீரோவுக்குள் வைப்பது உத்தமம். முதலில் கெடுவது சிட்ரஸ். மேல் வாசம் புளித்தோ, நெயில் பாலிஷ் போலவோ அடித்தால் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். ஆகவே சிட்ரஸைச் சிறு பாட்டிலாக வாங்கி ஓரிரு ஆண்டில் தீர்த்துவிடுவது நல்லது. ஆம்பரும் மரமும் அடி கனத்தவை என்பதால் நன்றாக மூடி வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். வனிலா அதிகம் உள்ளவை நாளடைவில் பழுப்பேறும். வாசம் மாறாமல் நிறம் மட்டும் கறுத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.